கேள்வி கேளாத வாசகன்

பெட்டாலிங் ஜெயாவின் ஜாலான் சுல்தானில், மலேசிய வானிலை ஆய்வுத் துறை நெடுங்காலம் தன் தலைமை அலுவலகத்தை வைத்திருந்த வளாகத்தை இவ்வூரின் பழைய வாசிகள் நன்கு அறிவர். மழை வருமா வராதா என்னும் கேள்விக்கு இந்நாட்டில் அதிகாரபூர்வமாக விடை கூறும் பொறுப்பு அத்துறையைச் சார்ந்தது. முன்னாளில் அந்த விடை வானொலிச் செய்தியின் கடைசியில் ஒரு வாக்கியமாகவும், பின்னர்த் தொலைக்காட்சித் திரையில் ஒரு படமாகவும் மக்களை வந்தடைந்தது. கேட்டவரும் பார்த்தவரும் மனிதர்களாகவே இருந்தபடியால், சொல்லாமல் விட்டதை அவரவர் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டனர். இன்றோ அதே முன்னறிவிப்பு, அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமாகிய டேட்டா.கவ்.எம்ஒய் வழியாக, ஏழு நாள்களுக்கு உரியதாக, எந்தக் கணினி நிரலும் ஒரு முகவரியை அழைத்துப் பெற்றுக்கொள்ளத்தக்க வடிவில் வெளியிடப்படுகிறது. அவ்வாறு பெறுகிறவர்களின் கூட்டத்தில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய வகையினர் வந்து சேர்ந்திருக்கின்றனர். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நம் சார்பில் காரியம் பார்க்கும் ‘ஏஜென்ட்’ என்னும் மென்பொருள்களே அவர்கள். அவர்களுக்காக எழுதுவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

ஜாலான் சிலாங்கூரில் உள்ள ஸ்ரீ சித்தி விநாயகர் ஆலயத்துக்கு மறுநாள் மாலை வயதான தாயாரை அழைத்துச் செல்ல எண்ணும் ஒருவர், கைப்பேசியை எடுத்து, “நாளைக்குச் சாயங்காலம் பிஜேயில மழை பெய்யுமா?” என்று, பெட்டாலிங் ஜெயாவை ஊர் வழக்கப்படி ‘பிஜே’ எனச் சுருக்கி, தமிழிலேயே கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். கேள்வியை வாங்கிக்கொள்வது, ஏஜென்ட்டின் மூளையாக அமைந்த ஒரு மொழி மாதிரி. நாளைய வானத்தைப் பற்றி அதற்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் முன்னே சில கருவிகளின் பட்டியல் வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. சில வாக்கியங்களில் ஒரு விவரணம் உண்டு. கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் எவை, அவற்றுள் எது கட்டாயம், எது எண், எது சொல் என்று கூறும் ஓர் அட்டவணையும் உண்டு. மாதிரி அப்பட்டியலை வாசித்து, ஒரு கருவியைத் தேர்ந்து, உள்ளீடுகளை நிரப்பி ஒரு சிறு சீட்டு எழுதுகிறது. அச்சீட்டை வாங்கி, உண்மையில் இணையத்தை அழைப்பது மாதிரியைச் சூழ்ந்து நிற்கும் சாதாரண நிரலின் வேலை. வந்த விடை மீண்டும் மாதிரியின் முன் வைக்கப்படுகிறது; அது போதுமானால் கேட்டவருக்குப் பதில், போதாவிடில் இன்னொரு சீட்டு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் இம்முறையை ‘ஃபங்ஷன் காலிங்’ என்ற பெயரில் நிரலாளர்களுக்கு வழங்கியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் நெறிமுறை, ஒருவர் செய்த கருவியை மற்றொருவர் செய்த ஏஜென்ட்டும் கையாளத்தக்கவாறு, பெயரும் விவரணமும் அட்டவணையும் அறிவிக்கப்பட வேண்டிய முறையைப் பொதுவாக்கியது.

இந்த ஏற்பாட்டில், முதல் வாசிப்பில் கவனத்துக்கு வராத ஒரு விளைவு அடங்கியிருக்கிறது. கருவியின் உள்ளே எழுதப்பட்ட நிரல் மாதிரியின் பார்வைக்கு வருவதே இல்லை. நிரல் எத்துணை நேர்த்தியாக இருப்பினும், எத்தனை அறிஞர் கூடி எழுதியதாயினும், ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அக்கருவி என்பது அதன் விவரணமே. விவரணத்தில் இல்லாத திறமை கருவியில் இல்லாத திறமை, விவரணத்தில் சொல்லப்படாத வரம்பு கருவிக்கு இல்லாத வரம்பு.

மென்பொருளுக்கு ஆவணம் எழுதும் வழக்கம் பழையதுதான். 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்ட யூனிக்ஸ் இயங்குதளக் கையேட்டின் முதற்பதிப்பில், கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பிரயோக வடிவம், விளக்கம் என்று ஒழுங்கு வகுத்ததோடு நில்லாமல், அதில் தமக்குத் தெரிந்த குறைகளையும் ‘பக்ஸ்’ என்ற தனித் தலைப்பின் கீழ்த் தாமே எழுதி வைத்தனர். தம் படைப்பின் குறையைத் தம் கையேட்டிலேயே அச்சிடும் அந்த நேர்மை இன்றைய விளம்பர யுகத்தில் அருகிப்போன குணம் என்பது என் எண்ணம். ஆயினும் அக்கையேட்டின் முதல் வாசகர்கள் பெல் ஆய்வகத்தில் உடன் பணியாற்றியவர்கள். ஒரு வரி விளங்காவிடில் எழுதியவரிடமே போய்க் கேட்கலாம். பிற்காலத்து நிரலாளருக்கும் இந்த வசதி வேறு உருவங்களில் இருந்தே வந்தது: அடுத்த மேசைக்காரரைக் கேட்டார், ஒருமுறை தவறாக ஓட்டிப் பார்த்தார், மறுநாள் தெளிந்தார். ஆகவே அரைகுறை ஆவணமும் அரை நூற்றாண்டு காலம் காலந்தள்ளிவிட்டது.

ஏஜென்ட்டின் நிலை வேறு. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது எவரையும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற உணர்வே அதற்கு அரிதாகத்தான் எழுகிறது. சந்தேகம் வந்த இடத்தில் ஒரு மனிதன் தயங்குவான். மொழி மாதிரியோ, தான் பயின்ற கோடிக்கணக்கான வாக்கியங்களில் அத்தகைய இடத்தில் பெரும்பாலும் எது நின்றதோ அதை வைத்து இடைவெளியை நிரப்பிவிட்டு, அதே நிதானமான நடையில் மேலே செல்லும். 2023இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘கொரில்லா’ என்ற பெயரில் வெளியிட்ட ஆய்வு, பெரிய மாதிரிகளும் இல்லாத அழைப்புகளை இருப்பதுபோல் கற்பித்து எழுதிவிடுகின்றன என்பதையும், பொருத்தமான ஆவணத்தைத் தேடியெடுத்து உடன் கொடுக்கும் முறை அக்கற்பனையைக் குறைக்க உதவும் என்பதையும் எடுத்துக் காட்டியது. ஆதலால் ஏஜென்ட்டுக்கு எழுதுகிறவன் முதலாவதாக அஞ்ச வேண்டியது, தான் எழுதியதில் உள்ள பிழையைக் காட்டிலும் தான் எழுதாமல் விட்டதையே. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தை எண்ணும்போது குன்றக் கூறலை முதலில் நிறுத்தியிருக்கிறார். கருவிகளுக்கு ஆவணம் எழுதப் புகும் இளைஞர் எவரும், நன்னூலின் அந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்கினால் நஷ்டப்பட மாட்டார்.

வானிலைக் கருவியை அருகில் வைத்துப் பார்ப்போம். அவசரத்தில் எழுதப்படும் விவரணம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: “மலேசிய வானிலைத் தகவலைத் தரும். உள்ளீடு: இடம்.” மனிதருக்கு இது ஓரளவு போதும். ஏஜென்ட்டுக்கோ ‘இடம்’ என்ற ஒரு சொல்லிலேயே இடறல் தொடங்கிவிடுகிறது. பெட்டாலிங் என்பது சிலாங்கூரின் ஒரு மாவட்டம். பெட்டாலிங் ஜெயா அம்மாவட்டத்தில் உள்ள நகரம். சுபாங் ஜெயாவும் பூச்சோங்கும் அதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெட்டாலிங் ஸ்ட்ரீட் என்று உலகம் அறிந்த கடைத்தெருவோ கோலாலம்பூரைச் சேர்ந்தது. அரசின் முன்னறிவிப்புச் சேவையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. மாநிலமானால் எஸ்டி, மாவட்டமானால் டிஎஸ், நகரமானால் டிஎன், பொழுதுபோக்கு மையமானால் ஆர்சி, சபா சரவாக்கில் உள்ள கோட்டமானால் டிவி என்று அக்குறியீட்டின் முதலெழுத்துகள் வகையைச் சொல்கின்றன. அன்றியும், தேடும் முறையிலே ஒரு விசேஷம் உண்டு: தேடப்படும் மதிப்பை முன்னே எழுதி, நடுவில் ‘@’ குறியிட்டு, அட்டவணையின் எந்தப் பத்தியில் தேட வேண்டுமோ அதன் பெயரைப் பின்னே எழுத வேண்டும். உலகில் உள்ள பெரும்பாலான சேவைகளில் பத்தியின் பெயரே முன்னே வரும். மாதிரி பயின்றது பெரும்பான்மையை. எனவே உதாரணம் ஒன்று கண்ணெதிரே இல்லாவிடில் அது பெரும்பான்மையின் வழியிலேயே எழுதும். அரசின் ஆவணம் இம்முறையை உதாரணங்களுடன் காட்டுகிறது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. விளக்கமாகப் பல வரிகள் எழுதுவதைவிட, சரியாக நிரப்பப்பட்ட ஒரே ஓர் அழைப்பைக் காட்டுவது ஏஜென்ட்டுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது.

அடுத்தது காலம். அந்த முன்னறிவிப்பு ஒரு நாளைக் காலை, பிற்பகல், இரவு என மூன்றாகவே பகுக்கிறது. நம் அன்பர் கேட்டதோ சாயங்காலம். இவ்வூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும் மழை, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஓய்ந்துவிடுவதும் உண்டு. இவ்வூரில் குடை வைத்துக்கொண்டு நான்கு மணிக்குப் பேருந்துக்கு நின்றவர் யாரும் இதை அறிவர். சாயங்காலத்துக்கு ஒரு பத்தி இல்லாத தரவில், ஏஜென்ட் பிற்பகலை எடுப்பதா இரவை எடுப்பதா? இரண்டையும் பார்த்து, இரண்டையும் சொல், மணிக்கணக்கு இத்தரவில் இல்லை என்பதையும் சொல் என்று எவரேனும் எழுதி வைத்திருந்தாலன்றி, ஒன்றைத் தேர்ந்து உறுதியாகக் கூறிவிடும். முன்னறிவிப்பின் சொற்கள் மலாய் மொழியில் வருகின்றன; அவை தன்னிச்சையாக எழுதப்படும் வாக்கியங்கள் அல்ல, வரையறுக்கப்பட்ட ஒரு பட்டியலைச் சேர்ந்தவை. ‘ஹூஜான் டி சத்து துவா தெம்பாட்’ என்பது ஓரிரு இடங்களில் மழை. ‘ஹூஜான் டி பெபராப்பா தெம்பாட்’ என்பது சில இடங்களில் மழை. பட்டியல் முழுவதையும் பொருளுடன் கொடுத்துவிட்டால் இந்த வேறுபாடு காப்பாற்றப்படும். கொடாவிடில் இரண்டும் சேர்ந்து தமிழ்ப் பதிலில் ‘மழை பெய்யும்’ என்று ஒன்றாகிவிடும்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு எழுதினால், விவரணம் ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

“மலேசியாவில் ஓர் இடத்துக்கு ஏழு நாள்களுக்கான பொது முன்னறிவிப்பைத் தரும். நாளுக்குக் காலை, பிற்பகல், இரவு என மூன்று பகுதிகள் மட்டுமே உண்டு. மணிவாரியான முன்னறிவிப்பும், இந்நேரத்தில் பெய்துகொண்டிருக்கும் மழையின் நிலையும் இதில் இல்லை. சாயங்காலம் பற்றிக் கேட்டால் பிற்பகல், இரவு இரண்டையும் பார்க்கவும். இடத்தின் பெயர் நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் பொருந்தினால் நகரத்துக்குரியதை எடுத்து, எதை எடுத்தாய் என்பதைப் பதிலில் குறிப்பிடவும். வெப்பநிலை செல்சியஸ் அளவில். முன்னறிவிப்புச் சொற்களின் முழுப்பட்டியல் கீழே. வானிலை எச்சரிக்கைகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்குத் தனிக் கருவி உள்ளது.”

இந்த விவரணத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்கள் கருவி செய்யாததையும், மயங்கும் இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறையையும் பேசுகின்றன என்பதை வாசகர் கவனிக்கலாம். விற்பனைக்கு எழுதுகிறவர் இவ்வாறு எழுத மாட்டார். ஏஜென்ட்டுக்கு எழுதுகிறவர் வேறு வழியின்றி இவ்வாறுதான் எழுத வேண்டும். பொதுப் போக்குவரத்துத் தரவிலும் இதே நியாயம் செல்லும்: பேருந்து இப்போது எங்கே இருக்கிறது என்று கூறும் ஓடை ஒன்றும், அது நம் நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்று கூறும் ஓடை வேறொன்றுமாக அத்துறையின் உலக வழக்கில் பகுக்கப்பட்டுள்ளன. முன்னது மட்டும் கிடைக்கும் ஊரில், பின்னது கிடையாது என்று ஆவணம் வாய்திறந்து சொல்லாவிடில், தாமான் ஜெயாவில் நிற்பவருக்கு ஏஜென்ட் ஒரு வருகை நேரத்தைக் கணித்துச் சொல்லிவிடும். அதே வழக்கில், நள்ளிரவைத் தாண்டி ஓடும் வண்டியின் நேரத்தை இருபத்தைந்து மணி பத்து நிமிடம் என்று எழுதுவது முறை. முதல் நாளின் சேவை இன்னும் முடியவில்லை என்பதே அதன் கருத்து. அறியாத வாசகன் அதைப் பிழையென்று திருத்தப் போவான்.

குன்றக் கூறலால் விளையும் கேடு வானிலையைக் காட்டிலும் எரிபொருள் விலையில் பளிச்சென்று தெரிகிறது. மலேசியாவில் பெட்ரோல், டீசல் விலைகள் வாரந்தோறும் புதன்கிழமை அறிவிக்கப்பட்டு வியாழக்கிழமை முதல் நடைமுறைக்கு வருவது பல்லாண்டு வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. அவ்விலைகள் அதே தரவுத் தளத்தில் ஓர் அட்டவணையாகக் கிடைக்கின்றன. தேதி, ரோன்95, ரோன்97 என்னும் பெட்ரோல் வகைகள், டீசல் என்று பத்திகள் ஒழுங்காக உள்ளன. ஆனால் ஒரே தேதிக்கு இரண்டு வரிசைகள் வரும். ‘சீரிஸ் டைப்’ என்ற பத்தியில் ‘லெவல்’ என்றிருக்கும் வரிசை விலையைச் சொல்கிறது. ‘சேஞ்ச் வீக்லி’ என்றிருக்கும் வரிசை முந்திய வாரத்திலிருந்து விலை எவ்வளவு மாறியது என்பதைச் சொல்கிறது. இரண்டும் எண்கள், இரண்டும் அதே பத்திகளில்தான் அமர்ந்திருக்கின்றன. ரோன்95 விலை 2021 தொடக்கத்திலிருந்து 2025 செப்டம்பர் வரை லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 5 சென் என்று அசையாமல் நிறுத்தப்பட்டிருந்தபடியால், அந்த ஆண்டுகளில் வார மாற்றம் பூஜ்யம். கடைசி வரிசையை மட்டும் கொடு என்று கேட்கும் ஏஜென்ட்டுக்கு, இந்த இரட்டை வரிசையின் ரகசியத்தை ஒருவரும் சொல்லாதிருந்தால், பெட்ரோல் இலவசம் என்ற சுபச் செய்தியை அது நமக்கு அறிவிக்கக்கூடும். பூஜ்யமாக இருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போவோம். ரோன்97 ஐந்து சென் ஏறிய வாரத்தில், அந்த ஐந்து சென்னை விலையென்று எடுத்துக்கொண்டு ஒரு சிறு நிறுவனத்தின் வண்டிச் செலவைக் கணக்கிட்டு, தொகையை மட்டும் மேலாளருக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பிழை எவர் கண்ணிலும் உடனே படாது. சிரிக்க வைக்கும் பிழையைவிடச் சிரிக்க வைக்காத பிழையே அதிக அபாயகரமானது.

உலகம் மாறும்போது ஆவணமும் மாற வேண்டும் என்பதற்கும் இதே அட்டவணை சாட்சி. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் மாற்றியமைக்கப்பட்டு விலை 3 வெள்ளி 35 சென் ஆயிற்று. சபா, சரவாக், லாபுவானில் அது 2 வெள்ளி 15 சென்னாகவே நீடித்தது. அன்று முதல் ‘மலேசியாவில் டீசல் விலை என்ன’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லாமல் போய், கிழக்கு மலேசியாவுக்கு ஒரு தனிப் பத்தி அவசியமாயிற்று. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் வந்தது. தகுதியுள்ள மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 சென், ஏனையோருக்கு மானியமற்ற விலை. ரோன்95 என்ற அதே பெயர் முந்திய நாள் ஒரு விலையையும் மறுநாள் கேட்பவரைப் பொறுத்து இரு விலைகளையும் குறிக்கலாயிற்று. நிரல் இம்மியும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘ரோன்95: பெட்ரோல் விலை’ என்ற பழைய விவரணம் மட்டும் ஓரிரவில் பொய்யாகிவிட்டது. மாறுகொளக் கூறல் என்ற குற்றம் எழுதுகிறவன் கைப்பிழையால் மட்டும் வருவதில்லை. காலமும் அதைச் செய்து வைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் எழுதிக் குவித்துவிடலாமே என்று தோன்றும். அங்கே நன்னூலின் மிகைபடக் கூறல் என்ற குற்றம் வந்து மறிக்கிறது. மாதிரி ஒரே சமயத்தில் மனத்தில் தாங்கக்கூடிய உரைக்கு அளவு உண்டு. அந்த அளவை ‘டோக்கன்’ என்ற சிறு துண்டுகளால் எண்ணுகிறார்கள், அவற்றுக்குக் காசும் வாங்குகிறார்கள். கருவிப் பட்டியல், சாதாரணமாக, ஒவ்வொரு முறையும் கேள்விக்கு முன்னதாகவே மாதிரியின் முன் வைக்கப்படுவதால், ஒரு கருவிக்கு இரண்டு பக்கம் என எழுதினால், ஐம்பது கருவிகளுக்கு நூறு பக்கம் வாசித்த பிறகே அது மழையைப் பற்றி நினைக்கத் தொடங்கும். செலவு ஒருபுறம் இருக்க, நீளமான பட்டியலில் ஒன்றையொன்று ஒத்த கருவிகள் பல நிற்கும்போது தேர்வும் பிழைபடுகிறது. அரசுத் தளத்தில் உள்ள ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு கருவி என்று செய்வது நிரலாளருக்குச் சுலபம், ஏஜென்ட்டுக்குத் துன்பம். அட்டவணைகளைத் தேடித் தருவதற்கு ஒரு கருவி, தேர்ந்த அட்டவணையின் பத்திகளை விளக்குவதற்கு ஒன்று, வரிசைகளை எடுப்பதற்கு ஒன்று என மூன்றோடு நிறுத்தி, விரிவான விளக்கத்தை வேண்டும்போது மட்டும் கொடுப்பது நல்ல வழி. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்மொழிந்த ‘எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பும் இத்தகைய எண்ணத்தில் பிறந்ததே: ஓர் இணையத்தளத்தின் வாயிலில், மாதிரிகள் வாசிப்பதற்கென்று சுருக்கமான ஒரு பொருளடக்கத்தை வைத்துவிடுவது.

பெயரிடுதலில் எங்கள் ஊருக்கு ஒரு பாடம் உண்டு. பெட்டாலிங் ஜெயாவின் சாலைகள் பல எண்களால் அழைக்கப்படுகின்றன: ஜாலான் 17/21 என்றால் செக்‌ஷன் 17இல் உள்ள சாலை, ஜாலான் எஸ்எஸ் 2/24 என்றால் எஸ்எஸ் 2 வட்டாரத்தைச் சேர்ந்தது. அழகில்லாத பெயர்கள் என்று புதிதாகக் குடிவந்தவர் சலித்துக்கொள்வார். ஆனால் முன்னெண் வட்டாரத்தைச் சொல்லிவிடுவதால் தபால்காரர் வழி தவறுவதில்லை. கருவிகளுக்கும் ‘தேடு’, ‘எடு’ என்று பொதுப்பெயர் சூட்டாமல், ‘வானிலை_முன்னறிவிப்பு_எடு’, ‘எரிபொருள்_விலை_எடு’ என்று வட்டாரத்தை முன்னே வைத்து அழைத்தால், பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே பட்டியலில் கலந்து நிற்கும் இக்காலத்தில், மயங்க வைத்தல் பெரிதும் குறையும்.

ஆவணம் என்றவுடன் முன்கூட்டி எழுதப்பட்ட பக்கத்தையே நினைக்கிறோம். ஆனால் ஏஜென்ட் மிக ஊன்றி வாசிக்கும் வாசகம், கருவி திருப்பி அனுப்பும் பிழைச் செய்தி. ஏனெனில் அது தேவைப்பட்ட அந்தக் கணத்தில், தேவைப்பட்ட விஷயத்தைப் பற்றியே வருகிறது. ‘பிழை 400’ என்று மட்டும் அனுப்பினால் ஏஜென்ட் அதே சீட்டைச் சற்று மாற்றி மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கும். ‘தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் வேண்டும், நீ அனுப்பியதில் நாள் முதலில் உள்ளது’ என்று அனுப்பினால் அடுத்த சீட்டு பெரும்பாலும் சரியாகிவிடும். பிழைச் செய்தியே இல்லாத மௌனம் இதைவிடச் சங்கடமானது. மேலே கண்ட வானிலைக் கருவியில் இடத்தின் பெயரை ஓரெழுத்துத் தவறாகக் கொடுத்துத் தேடினால், பொருந்தும் வரிசை ஒன்றும் இன்றி வெற்றுப் பட்டியல் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பதிவு இல்லை’ என்பதும் ‘மழை இல்லை’ என்பதும் அந்த வெறுமையில் ஒன்றுபோலவே தோன்றும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024இல் எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்ற அமைப்பைச் செய்தவர்கள் இந்த நுட்பத்தை உணர்ந்திருந்தனர். ஒரு கட்டளை ஓடி முடித்து வெளியீடு எதுவும் தராத இடத்தில், கட்டளை வெற்றியாக முடிந்தது, வெளியீடு எதுவும் இல்லை என்று வாக்கியமாகவே தெரிவிக்கும்படி அவர்கள் அமைத்தனர். யூனிக்ஸ் மரபில் மௌனமே வெற்றியின் அடையாளம். மாதிரிக்கோ அந்த மௌனம் குழப்பத்தின் வித்து.

சில சமயம் எழுதித் தீர்ப்பதைவிட, தவறு நேர முடியாதபடி கருவியையே மாற்றிவிடுவது மேல். ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, அது ஒரு கோப்புறையிலிருந்து வேறொன்றுக்கு நகர்ந்த பின் கோப்புகளின் சுருக்கப் பாதையைத் தவறாக எழுதியதைக் கண்டனர். எப்போதும் முழுப் பாதையையே கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றியமைத்தவுடன் அத்தொல்லை ஒழிந்ததாக 2024 டிசம்பரில் எழுதினர். ஏஜென்ட்டுக்கு இடும் முதன்மைக் கட்டளையைச் செம்மை செய்ததைவிடக் கருவிகளைச் செம்மை செய்வதில் தாங்கள் அதிக நேரம் செலவிட்டதாகவும் அவர்கள் கூறினர். நம் எரிபொருள் அட்டவணையிலும், ‘சீரிஸ் டைப்’ பற்றி நான்கு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, விலைக்கு ஒரு கருவியும் வார மாற்றத்துக்கு ஒரு கருவியும் என்று பிரித்துவிட்டால், விளக்கத்தின் தேவையே பெரும்பகுதி மறைந்துவிடும்.

விவரணத்தை ஏஜென்ட் இவ்வளவு பக்தியுடன் வாசிப்பதில் ஓர் அபாயமும் உள்ளது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், கருவி விவரணத்துக்குள் பயனாளரின் கண்ணில் படாத கட்டளைகளை நுழைத்து, ஏஜென்ட்டைக் கொண்டே அவருடைய அந்தரங்கக் கோப்புகளை வெளியே அனுப்பச் செய்ய முடியும் என்று காட்டி, அதற்குக் கருவி நஞ்சூட்டல் என்ற பொருளில் பெயரிட்டது. கூட்டல் கருவி என்று மேலே எழுதியிருக்கும்; அதனடியில், கூட்டுவதற்கு முன் இன்ன கோப்பை வாசித்து உள்ளீட்டோடு சேர்த்து அனுப்பு என்று எழுதியிருக்கும். மாதிரிக்கு இரண்டும் ஒரே அதிகாரமுள்ள வாக்கியங்கள். எம்சிபி நெறிமுறையில், இக்கருவி வாசிக்க மட்டும் செய்வது, இக்கருவி எதையேனும் அழிக்கக்கூடியது என்று குறிப்பிடும் அடையாளங்கள் உண்டு. எனினும் நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்தாலன்றி அக்குறிப்புகளை நம்பலாகாது என்று அந்நெறிமுறையே எச்சரிக்கிறது. ஆகவே வெளியாரின் கருவியைச் சேர்க்கும் முன் அதன் விவரணம் முழுவதையும் ஒரு மனிதர் கண்ணால் வாசிக்க வேண்டும். பிறகு அது சத்தமின்றி மாற்றப்பட்டால் தெரியும்படியும் ஏற்பாடு வேண்டும்.

நல்ல விவரணத்தை எழுதிவிட்டோம் என்பதை அறிவது எவ்வாறு? எழுதியவரின் திருப்தி இங்கே பிரமாணம் ஆகாது. மனிதருக்கு எழுதிய கையேட்டைப் பரீட்சை செய்வது சிரமம். ஒரு வாசகரை அமர்த்தி, அவர் எங்கே நெற்றியைச் சுருக்குகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு எழுதியதைப் பரீட்சிப்பது எளிது. விடை முன்னமே தெரிந்த முப்பது நாற்பது கேள்விகளைத் திரட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பலமுறை கேட்டு, அது எழுதிய சீட்டுகளை வரிசையாக வாசிக்கலாம். கேள்விகள் பயனாளர் பேசுகிற மாதிரியே இருப்பது முக்கியம்: ‘பிஜேயில’ என்றும், ‘கிள்ளான் பக்கம்’ என்றும், ‘போன புதன்கிழமை அறிவிச்ச டீசல் விலை, கோத்தா கினபாலுவில எவ்வளவு’ என்றும், தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து இவ்வூர்க்காரர் கேட்கிறபடியே. இறுதி விடை சரியாயிருந்தாலும் சீட்டுகளை வாசிப்பதை விடலாகாது. தவறான அட்டவணையை இருமுறை திறந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறை சரியானதை அடைந்திருந்தால், அந்த இரண்டு தவறான அழைப்புகளும் எந்த வாக்கியம் தெளிவற்றிருக்கிறது என்பதைக் காட்டிவிடும். ஒரு வாக்கியத்தை மாற்றி, அதே கேள்விகளை மீண்டும் ஓட்டினால் மாற்றத்தின் பலன் எண்ணாகவே கிடைக்கிறது. இலக்கண ஆசிரியர்க்கும் உரையாசிரியர்க்கும் வாய்க்காத வசதி இது.

கவனமுள்ள குழுக்களில் இக்கேள்விகளின் தொகுப்பு நிரலோடு ஒரே இடத்தில் வைக்கப்படுகிறது. ஒருவர் பத்தியின் பெயரை மாற்றினாலும், விவரணத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும், கேள்விகள் தாமாகவே மீண்டும் ஓடுகின்றன. சரியான விடைகளின் விழுக்காடு குறைந்தால் அந்தத் திருத்தம் உள்ளே சேர்க்கப்படுவதில்லை. விலைத் திட்டம் மாறும் நாள்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதாது. அன்று பழைய கேள்விகளின் பழைய விடைகளே தவறாகிவிடுவதால், யாரேனும் ஒருவர் அமர்ந்து அரசின் அறிவிப்பை வாசித்து, விடைகளையும் விவரணத்தையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கிறது.